நஞ்சில்லாக் காப்பு வேண்டும்

தீ கற்பித்த பாடத்தால் பெயர் பெற்ற ஊர் ஒன்று நம் தலைநகரில் உண்டு. அதுவே பிரிக்பீல்ட்ஸ். 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூர் தீக்கிரையாயிற்று. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்ட வீடுகள் ஒன்றையொன்று பற்றி எரிந்தன. அதே ஆண்டின் இறுதியில் வந்த வெள்ளம் எஞ்சியதையும் கரைத்துச் சென்றது. சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரக் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்ப வேண்டும் என்று 1884இல் ஆணையிட்டார். அந்தத் தேவையை நிறைவு செய்யச் சூளைகள் எழுந்த களமே பின்னர்ப் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. தமிழர் பலர் வாழ்ந்து தழைத்த அந்த மண்ணின் பெயரிலேயே ஓர் உண்மை பொதிந்து கிடக்கிறது. தீயை வெல்ல விரும்புவோர் முதலில் மாற்ற வேண்டியது, தாம் வாழும் கூட்டை ஆக்கிய பொருளை என்பதே அவ்வுண்மை.

நூற்று நாற்பது ஆண்டுகள் கழிந்தன. இன்று நம் சுவர்கள் செங்கல். கூரை ஓடு அல்லது தகடு. ஆனால் அந்தச் சுவர்களுக்குள் நாம் எதை நிரப்பி வைத்திருக்கிறோம்? மின்கம்பியின் உறை பிளாஸ்டிக். விளக்கின் கூடு பிளாஸ்டிக். மேற்கூரைத் தட்டி பிளாஸ்டிக். நாற்காலியின் மெத்தை பிளாஸ்டிக் நுரை. திரைச்சீலை பிளாஸ்டிக் இழை. தொலைக்காட்சியும் கணினியும் பிளாஸ்டிக் பெட்டிகள். பிளாஸ்டிக்கில் பெரும்பாலானவை மண்ணெண்ணெய்க்கு உறவு முறை. இரண்டும் பூமிக்கடியிலிருந்து வரும் எண்ணெயின் பிள்ளைகள். செங்கல் வீடு கட்டி, அதனுள்ளே கெட்டிப்பட்ட எண்ணெயைக் குவித்து வைத்திருக்கிறோம் என்று சொன்னால் அது மிகையன்று. அத்தாப்பை வாசல் வழியே விரட்டிவிட்டுச் சன்னல் வழியே அதனினும் கொடியதை உள்ளே அழைத்திருக்கிறோம்.

இதனை உற்பத்தியாளர் அறியாதவர் அல்லர். ஆகவே பிளாஸ்டிக்கில் தீயடக்கிப் பொருள்களைக் கலக்கிறார்கள். அவ்வாறு கலப்பவற்றுள் நீண்ட காலமாகப் பெரிதும் பயன்பட்டு வந்தவை உப்பீனி வகையைச் சேர்ந்த புரோமினும் குளோரினும் கொண்ட சேர்மங்கள். தீயிலிருந்து காக்கிறோம் என்று சொல்லி இவர்கள் நம் வீட்டுக்குள் கொணர்ந்து வைத்தது நஞ்சு. அந்த நஞ்சு இல்லாமலே தீயை அடக்கும் வழி இருக்கிறது. அந்த வழியை நம் நாடும் நம் சமுதாயமும் கேட்டுப் பெற வேண்டும். அதனை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீயினும் கொடியது புகை

தீ விபத்தில் மாண்டவர் என்றதும் கருகிய உடலையே நாம் கற்பனை செய்கிறோம். உண்மை வேறு. கட்டடத் தீயில் உயிர் துறப்போருள் பெரும்பாலோரைக் கொல்வது புகையே. தழல் அவர்களை நெருங்குவதற்கு முன்பே புகை நெருங்கிவிடுகிறது. கண் எரிகிறது, வழி தெரியவில்லை, மூச்சு திணறுகிறது, கதவு பத்தடி தூரத்தில் இருந்தும் கைக்கு எட்டவில்லை.

நம் கட்டடங்களில் எங்கும் ஓடும் சாதாரண மின்கம்பியை எடுத்துக்கொள்வோம். அதன் உறை பி.வி.சி. அந்தப் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளில் எடையளவில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 57 விழுக்காடு, குளோரின். இந்தக் குளோரின் காரணமாகவே அது எளிதில் தீப்பற்றுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பற்றி எரியும் பிற பொருள்களின் வெப்பத்தில் அது சிதையும்போது ஐதரசன் குளோரைடு என்னும் வளி வெளிப்படுகிறது. அவ்வளி கண்ணீரிலும் மூச்சுக் குழாயின் ஈரத்திலும் கரைந்தால் ஐதரோகுளோரிக் அமிலமாகும். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பியில் பூட்டி வைத்து, மாணவர் கைபடாமல் நாம் காக்கும் அதே அமிலம்! புரோமின் கலந்த பிளாஸ்டிக் எரிந்தால் ஐதரசன் புரோமைடு வெளிப்படும். அதுவும் அமிலமே.

இலண்டன் மாநகரின் சுரங்க இரயில் பாதைகளில் உப்பீனி இல்லாத, குறைந்த புகை தரும் மின்கம்பிகளைக் கட்டாயமாக்கியது ஏன்? போர்க்கப்பல்களில் அவற்றைப் பொருத்துவது ஏன்? தப்பி ஓட வழி குறைந்த இடத்தில், புகை எத்தகையது என்பதே உயிரா சாவா என்பதை முடிவு செய்யும் என்பதால்தான். அப்படியானால் ஒன்று கேட்கிறேன். இரும்புச் சன்னல் வலையும் ஒற்றை மாடிப்படியும் கொண்ட ஒரு மாணவர் விடுதி, சுரங்கத்தை விட எவ்வகையில் மேலானது?

உப்பீனி செய்யும் உதவியும் ஊறும்

உப்பீனிச் சேர்மங்கள் தீயை அடக்குவது உண்மையே. எரிதல் என்பது வளி நிலையில் நிகழும் ஒரு சங்கிலி வினை. துடிப்பு மிக்க சில அணுக்கூறுகள் ஒன்று பத்தாகப் பெருகித் தழலை வளர்க்கின்றன. புரோமின் அவற்றைப் பிடித்துக் கட்டிச் சங்கிலியை அறுக்கிறது. சிறிதளவு கலந்தாலே போதும், செலவும் குறைவு. தொழிலதிபர்கள் அதனை விரும்பியதில் வியப்பில்லை.

ஆனால் புரோமின் சேர்மங்களுள் பல, பிளாஸ்டிக்குடன் பிணைந்திராமல் வெறுமனே கலந்து கிடப்பவை. நாளடைவில் அவை வெளியே கசிகின்றன. வீட்டுத் தூசியில் படிகின்றன. தரையில் தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குள் போகின்றன. எளிதில் சிதையாமல், உடலின் கொழுப்பில் தங்கிச் சேர்கின்றன. சுவீடன் நாட்டில் 1972 முதல் 1997 வரை சேமித்து வைத்திருந்த தாய்ப்பாலை ஆராய்ந்தார்கள். பி.பி.டி.ஈ. எனப்படும் புரோமின் தீயடக்கியின் அளவு ஏறத்தாழ ஐந்தாண்டுக்கொரு முறை இரு மடங்காகி வந்ததைக் கண்டார்கள். தாய்ப்பாலிலேயே தீயடக்கி! மழலையின் தொட்டிலைத் தீயினின்று காப்பதாகச் சொன்னவர்கள், அம்மழலை அருந்தும் முதல் உணவிலேயே நஞ்சைக் கலந்துவிட்டார்கள்.

இஃது எதிர்பாராமல் நேர்ந்த விபத்தும் அன்று. எச்சரிக்கை மணி பலமுறை ஒலித்தது. 1973இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் புரோமின் தீயடக்கி ஒன்று தவறுதலாகக் கால்நடைத் தீவனத்தில் கலந்துவிட்டது. ஏறத்தாழ 30,000 மாடுகள் அழிக்கப்பட்டன. அந்த இறைச்சியையும் பாலையும் உண்டவர் உடலில் நஞ்சு தங்கிற்று. 1977இல் குழந்தைகளின் இரவு உடையில் ஊட்டப்பட்ட டிரிஸ் என்னும் புரோமின் பொருள் மரபணுவைச் சிதைக்க வல்லது என்று ஆர்லீன் பிளம், புரூஸ் ஏம்ஸ் ஆகிய இரு அறிவியலார் எழுதினர். அவ்வாண்டே அந்நாட்டு அரசு அதனைத் தடை செய்தது. நிறுவனங்கள் என்ன செய்தன? புரோமின் டிரிஸை எடுத்துவிட்டு, அதன் உடன்பிறப்பான குளோரின் டிரிஸை இட்டு நிரப்பின. வேடம் மாறிற்று, கூத்து மாறவில்லை.

நிலைத்து நிற்கும் கரிம நச்சுகளை ஒழிக்க ஏற்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, 2009 முதல் இந்தச் சேர்மங்களை ஒவ்வொன்றாகத் தன் ஒழிப்புப் பட்டியலில் சேர்த்து வருகிறது. 2009இல் பி.பி.டி.ஈ. வகையில் சில; 2013இல் எச்.பி.சி.டி.; 2017இல் டெக்கா; 2023இல் குளோரின் கொண்ட டெக்குலோரேன் பிளஸ். பட்டியலின் வரலாற்றைப் பாருங்கள். ஒன்றைத் தடுக்க ஆண்டுகள் பல ஆகின்றன. அதற்குள் அடுத்தது சந்தைக்கு வந்துவிடுகிறது. ஆகவேதான் தனித்தனிச் சேர்மத்தைத் துரத்திக்கொண்டிருப்பதை விடுத்து, உப்பீனித் தீயடக்கி என்னும் குலத்தையே விலக்க வேண்டும் என்கிறோம்.

அந்த உடன்படிக்கையில் நம் மலேசியா 2002இல் கையொப்பமிட்டது. ஆனால் இருபது ஆண்டுகள் கடந்தும் அதனை ஏற்று உறுதி செய்யாமலே காலம் கழித்தது. திருமணப் பத்திரிகை அச்சிட்டுவிட்டு இருபது ஆண்டுகள் தாலி கட்டாத மணமகனை நாம் என்னென்று சொல்வோம்?

பணம் பேசிய கதை

“தீயடக்கியை எதிர்ப்பவர் குழந்தைகளைத் தீயில் தள்ளுகிறார்” என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அக்குற்றச்சாட்டின் பிறப்பை அறிந்துகொள்வது நல்லது.

கலிபோர்னியா மாநிலம் 1975இல் ஒரு விதி செய்தது. மெத்தை நாற்காலியின் நுரை, சிறு சுடரைப் பன்னிரண்டு வினாடி தாங்க வேண்டும் என்பது விதி. மிகப் பெரிய சந்தை அது. ஆகவே அமெரிக்க நாடெங்கும் விற்ற நாற்காலி நுரையில் உப்பீனித் தீயடக்கிகள் ஏறின. ஆனால் உண்மையான வீட்டில் முதலில் எரிவது நுரை அன்று. அதன் மேலுள்ள துணி. துணி பெருந்தழலாக மூண்ட பின்னர், உள்ளிருக்கும் நுரை பன்னிரண்டு வினாடி தாங்கினால் என்ன, தாங்காவிட்டால் என்ன? இந்தக் கேள்வியைக் கேட்டவர்களை எதிர்க்க ஓர் அமைப்பு முளைத்தது. அதன் பெயர் தீப்பாதுகாப்புக்கான குடிமக்கள். பெயர் குடிமக்களுடையது, பணமோ தீயடக்கி செய்யும் மூன்று பெரிய நிறுவனங்களுடையது. அவர்கள் தரப்பில் தீப்புண் மருத்துவர் ஒருவர் சட்டமன்றக் குழுவின் முன் தோன்றி, தீயடக்கி இல்லாத தலையணையால் கருகி மாண்ட பச்சிளங் குழந்தையின் கதையை உருக்கமாகச் சொன்னார். அப்படி ஒரு குழந்தையே இல்லை என்பதை 2012இல் சிக்காகோ டிரிபியூன் நாளேடு அம்பலப்படுத்தியது. மறு ஆண்டு, 2013இல், அந்தச் சுடர்ச் சோதனை கைவிடப்பட்டது. புகைந்து கனலும் சிகரெட்டைத் துணி தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை அதனிடத்தில் வந்தது. அதற்கு நச்சுச் சேர்மம் தேவையில்லை.

இல்லாத குழந்தைக்காகக் கண்ணீர் வடித்தவர்கள், இருக்கின்ற குழந்தைகளின் குருதியில் நஞ்சேற்றினார்கள். எவரேனும் நம்மிடம் வந்து, “இந்தப் பொருள் உயிர் காக்கும்” என்று சொன்னால், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.

நம் வாசலில் எரியும் குப்பை

“இவையெல்லாம் மேலைநாட்டுச் செய்திகள், கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கென்ன?” என்று கேட்பார் உளர். அவர்களைக் கோல லங்காட் மாவட்டத்து ஜெஞ்சாரோமுக்கு அழைக்கிறேன். கிள்ளான் துறைமுகத்திலிருந்து அது தொலைவன்று.

2018 சனவரியில் சீனம் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்தது. உடனே அக்கழிவு நம் துறைமுகத்தை நோக்கித் திரும்பிற்று. அவ்வோராண்டில் மட்டும் எட்டு இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் கழிவு இந்நாட்டுக்குள் வந்தது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. உருக்க முடிந்ததை உருக்கினார்கள். முடியாததை இரவில் கொளுத்தினார்கள். ஜெஞ்சாரோம் மக்கள் மூச்சுத் திணறினர், இருமினர், குழந்தைகளின் நலம் கெடுவதாக முறையிட்டனர். அவர்கள் ஓயாது குரல் கொடுத்த பின்னரே, அம்மாவட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. 2019 மே 28ஆம் நாள், அப்போதைய அமைச்சர் இயோ பீ இன் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களைத் திறந்து காட்டி, மூவாயிரம் டன் கழிவை வந்த வழியே திருப்பி அனுப்பப் போவதாக அறிவித்தார். 2020 சனவரியில் 150 கொள்கலன்கள் பதின்மூன்று நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. அச்செயல் பாராட்டத் தக்கது.

தீயடக்கிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. பழைய தொலைக்காட்சிப் பெட்டி, கணினி, மின்கம்பி ஆகியவற்றின் பிளாஸ்டிக்கில்தான் உப்பீனி மிகுதி. செம்பை எடுப்பதற்காக மின்கம்பியைத் திறந்த வெளியில் கொளுத்தினால், குளோரினும் புரோமினும் அரைகுறை வெப்பத்தில் கூடி டையாக்சின் வகை நச்சுகளாகின்றன. மனிதன் அறிந்த மிகக் கொடிய நஞ்சுகளுள் அவையும் சேர்ந்தவை. அவை புல்லில் படிகின்றன. ஆட்டின் பாலிலும் கோழியின் முட்டையிலும் ஏறுகின்றன. கொளுத்தாமல் உருக்கினாலும் தொல்லை தீர்வதில்லை. கணினிப் பெட்டியின் கறுப்புப் பிளாஸ்டிக்கை உருக்கிப் புதுப் பொருள் வார்க்கிறார்கள். குழந்தை விளையாடும் பொம்மையிலும், சமையலறை அகப்பையிலும் புரோமின் தீயடக்கி இருப்பதை ஆய்வாளர்கள் பல நாடுகளில் கண்டுள்ளனர். பொம்மைக்கும் அகப்பைக்கும் தீயடக்கி எதற்கு? எவரும் வேண்டுமென்று இடவில்லை. கழிவின் வழியே வந்து புகுந்துகொண்டது.

இந்நாட்டில் மின்னியல் கழிவு அட்டவணைக் கழிவாக வகுக்கப்பட்டுள்ளது. 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அதன் எண் எஸ்.டபிள்யூ. 110. உரிமம் பெற்றவரே அதனைக் கையாளலாம். சட்டம் ஏட்டில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் சந்து பொந்துகளில் கம்பி கொளுத்தும் கைகள் யாருடையவை என்று பாருங்கள். குடியேறிய தொழிலாளியும், தோட்டத்தை இழந்து நகர் விளிம்புக்கு வந்த ஏழையும்தான். பொருளை வாங்கி அனுபவித்தவன் ஒருவன். அதன் நஞ்சை மூச்சில் வாங்குபவன் மற்றொருவன்.

நஞ்சில்லாத வழி

மாற்று வழி என்ன? அது மந்திரமன்று, மிக எளிய வேதியியல்.

அலுமினியம் ஐதராக்சைடு என்றொரு வெண்பொடி உண்டு. வயிற்றெரிச்சலுக்கு மருந்துக் கடையில் வாங்கிச் சுவைக்கும் மாத்திரைகளில் பலவற்றில் அதுவே இருக்கிறது. அதனைப் பிளாஸ்டிக்கில் கலந்தால், ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் சிதைந்து, தன் எடையில் மூன்றிலொரு பங்கை நீராவியாக விடுகிறது. நீராவி வெப்பத்தை உறிஞ்சுகிறது. எரியும் வளியை நீர்க்கச் செய்கிறது. எஞ்சும் அலுமினிய ஆக்சைடு மேலே கவசமாகப் படிகிறது. வயிற்றெரிச்சலைத் தணிப்பதும் அதுவே. தீயெரிச்சலைத் தணிப்பதும் அதுவே. இன்னும் மிகுந்த வெப்பம் தேவைப்படும் பிளாஸ்டிக்குக்கு மக்னீசியம் ஐதராக்சைடு உதவுகிறது. அது 300 பாகைக்கு மேல்தான் சிதையும்.

மற்றொரு வகை, பாசுவரமும் நைட்ரசனும் கொண்டது. தீபாவளியன்று நம் பிள்ளைகள் கொளுத்தும் பாம்பு மாத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். சிறு வில்லை, தீப்பட்டதும் பொங்கி நெளிந்து கரிப்பாம்பாக எழுகிறதல்லவா? அமோனியம் பாலிபாசுபேட்டு போன்ற பொருள்கள் கலந்த பிளாஸ்டிக்கும், வெப்பம் பட்டதும் மேற்புறத்தில் பொங்கிக் கரிநுரையாகும். அந்தக் கரிநுரை உள்ளிருக்கும் பிளாஸ்டிக்குக்கும் வெளியிருக்கும் தழலுக்கும் இடையே சுவராக நிற்கும்.

இவ்வழியின் பயனை உயிர்களால் அளந்து காட்டிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017 சூன் 14ஆம் நாள் இலண்டனில் கிரென்ஃபெல் மாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் மாண்டனர். குளிர்பதனப் பெட்டியொன்றில் தோன்றிய தீ, வெளிச்சுவரில் பொருத்திய அலுமினியக் கூட்டுத் தகட்டைப் பற்றிக்கொண்டு கட்டடம் முழுதும் ஏறிற்று. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே இருந்தது வெறும் பாலிஎதிலீன். அதே தகட்டை, நடுவே பெரும்பகுதி கனிமப் பொடி நிரப்பியும் செய்யலாம். அக்கனிமப் பொடி பெரும்பாலும் நாம் மேலே சொன்ன ஐதராக்சைடுகளே. புறத்தே பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே மின்னும். அகத்தே ஒன்று மெழுகுத்திரி, மற்றொன்று கல். எட்டுத் திங்கள் கழித்து, 2018 பிப்ரவரி 13ஆம் நாள், பெட்டாலிங் ஜெயா காசிங் சாலையிலுள்ள ஊழியர் சேமநிதி வாரியக் கட்டடத்தின் வெளிச்சுவர்த் தகடுகளில் தீ பரவி எரிந்ததை நம் கண்ணாரக் கண்டோம். நல்வாய்ப்பாக உயிரிழப்பு இல்லை. நல்வாய்ப்பை நம்பி எத்தனை கட்டடங்களை விட்டு வைப்பது?

எனவே தெளிவாகச் சொல்கிறேன். தீயடக்கியே வேண்டா என்பது நம் கட்சியன்று. வெறும் பிளாஸ்டிக் உயிரைக் கொல்லும் என்பதற்குக் கிரென்ஃபெல் சான்று. நஞ்சு கலந்த பிளாஸ்டிக் தலைமுறையைக் கொல்லும் என்பதற்குத் தாய்ப்பால் சான்று. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது பாதை உண்டு என்பதே நம் கட்சி.

எதிர்ப்போர்க்கு விடை

விலை கூடும் என்பது முதல் எதிர்ப்பு. கூடும், மறுக்கவில்லை. கனிமப் பொடியை மின்கம்பி உறையில் எடையில் பாதிக்கு மேல் கலக்க வேண்டியிருக்கிறது. உறை சற்று விறைப்பாகிறது. வார்ப்பதற்குத் தேர்ச்சி வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிக் கட்டடம் ஒன்றில் மின்கம்பி மாற்றும் பணியின்போது குத்தகையாளர் ஒருவரிடம் உப்பீனி இல்லாத கம்பியைப் பற்றிக் கேட்டேன். “சார், அதெல்லாம் பெரிய மருத்துவமனைக்கும் இரயிலுக்கும்தான்; பள்ளிக்கூடத்துக்கு யார் கேட்கப் போகிறார்கள்?” என்றார். அவர் மீது எனக்குச் சினமில்லை. அவர் சொன்னது நம் சமுதாயத்தின் நிலையை அப்படியே காட்டும் கண்ணாடி. கேட்பார் இல்லாத இடத்துக்கு மலிவு போதும் என்பதே இந்நாட்டின் எழுதாச் சட்டம். நாம் கேட்கத் தொடங்கும் நாளில் அச்சட்டம் தானே கிழியும்.

மேலும் விலை என்பது என்ன? கடையில் கொடுக்கும் வெள்ளி மட்டுமா விலை? ஜெஞ்சாரோமில் இருமியவர்களின் மருத்துவச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது? நச்சுப் படிந்த மண்ணைத் தூய்மை செய்யும் செலவை யார் தலையில் வைப்பது? மலிவுப் பொருளின் மீதிப் பணத்தை எவரோ ஓர் ஏழை தன் நுரையீரலால் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நம்மால் இயலாது என்பது இரண்டாவது எதிர்ப்பு. இஃது உண்மைக்கு மாறானது. 2006 சூலை முதல் ஐரோப்பா, மின்னியல் பொருள்களில் பி.பி.டி.ஈ., பி.பி.பி. என்னும் இரு புரோமின் வகைகளும் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதித்தது. அச்சந்தைக்குப் பொருள் அனுப்பும் மலேசிய ஆலைகள் அவ்விதிக்கு உட்பட்டே செய்து கொடுத்தன. 1970களில் சுங்கைவே தடையற்ற வணிக வளாகம் தோன்றியது முதல், நம் பெண்மக்கள் ஆயிரக்கணக்கானோர் மின்னியல் ஆலைகளில் நுண்ணிய வேலை செய்து உலகை வியக்க வைத்தவர்கள். வெள்ளைக்காரக் குழந்தைக்குத் தூய பொருள் செய்யத் தெரிந்த கைக்குத் தன் சொந்தக் குழந்தைக்குச் செய்யத் தெரியாதா?

மூலப்பொருளுக்கும் பஞ்சமில்லை. அலுமினியம் ஐதராக்சைடு பாக்சைட்டுக் கனிமத்திலிருந்து பெறுவது. குவாந்தான் வட்டாரத்தில் அம்மண்ணை வெட்டி வெட்டி, 2015ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு கோடி டன்னுக்கு மேல் கச்சாவாகவே சீனத்துக்கு ஏற்றினோம். கடலும் சாலையும் செந்தூசியால் சிவந்தன; 2016 சனவரியில் தோண்டுவதை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. தூசி நமக்கு, தொழில் பிறர்க்கு என்று முடிந்தது அந்தக் கதை.

உப்பீனி இல்லாதது எல்லாம் நல்லதா என்பது மூன்றாவது கேள்வி. நேர்மையான கேள்வி. இல்லை என்பதே விடை. பாசுவரச் சேர்மங்களுள்ளும் ஐயத்துக்குரியவை உண்டு. உப்பீனி இல்லாத பிளாஸ்டிக் எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். எந்தப் புகையும் பன்னீர்ப் புகையன்று. ஆகவே விற்கும் முன் சோதனை வேண்டும். சோதனை முடிவு மறைக்கப்படாமல் வெளியிடப்பட வேண்டும். குளோரின் டிரிஸின் கூத்து மீண்டும் அரங்கேறக் கூடாது.

நான்காவதாக ஒன்று. 2004 சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கருகினர். அங்கே எரிந்தது கீற்றுக் கூரை. 2017 செப்டம்பர் 14ஆம் நாள் நம் தலைநகரின் கம்போங் டத்தோ கிராமாட்டில் சமயப் பள்ளி விடுதியில் 23 பேர் மாண்டனர். அங்கே வைத்த தீ. தப்ப விடாமல் தடுத்தவை சன்னல் கம்பிகள். இவர்களை எந்தத் தீயடக்கியும் காத்திருக்காது. இதை மறைத்துப் பேசுபவன் மருந்து விற்பவன், ஆசிரியன் அல்லன். திறக்கும் கதவும், இரண்டாவது மாடிப்படியும், பயிற்சி பெற்ற பிள்ளைகளும் முதற்காப்பு. நல்ல பொருள் அதற்கு அடுத்த காப்பு. முதற்காப்புக்கு மாற்றாக இரண்டாவதைக் காட்டுவதும் குற்றம். முதலாவது இருக்கிறதென்று இரண்டாவதை இகழ்வதும் குற்றம்.

செய்ய வேண்டுவன

அரசு செய்ய வேண்டுவன மூன்று. பள்ளி, மருத்துவமனை, விடுதி, முதியோர் இல்லம், மக்கள் கூடும் மண்டபம் ஆகியவற்றில் புதிதாக இழுக்கும் மின்கம்பி அனைத்தும் உப்பீனி இல்லாத, குறைந்த புகைக் கம்பியாகவே இருக்க வேண்டும் என்று விதி வகுக்க வேண்டும். 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச்சட்டங்கள், சுவரிலும் மேற்கூரையிலும் சுடர் பரவும் வேகத்தைக் கொண்டு பொருள்களை வகைப்படுத்துகின்றன. சுடரின் வேகத்தோடு புகையின் நஞ்சையும் அளக்கும் சோதனை அவற்றோடு சேர வேண்டும். மின்பொருளின் மேல் சிரிம் முத்திரை ஒட்டுவது போல, மெத்தை, நாற்காலி, பொம்மை ஆகியவற்றின் மேலும் உள்ளே கலந்த தீயடக்கி எது என்று எழுதி ஒட்ட வேண்டும். உண்ணும் பிஸ்கட்டில் என்ன இருக்கிறது என்று படிக்க முடிகிறது. உறங்கும் மெத்தையில் என்ன இருக்கிறது என்று ஏன் படிக்க முடியவில்லை?

நாம் செய்ய வேண்டுவனவும் உண்டு. அரசைக் கைகாட்டிவிட்டு நாம் ஒதுங்க இயலாது. தமிழ்ப்பள்ளிக்கு மண்டபம் கட்ட நன்கொடை திரட்டுகிறோம். பெயர் பொறித்த பளிங்குக் கல்லுக்குப் பணம் இருக்கிறது. திறப்பு விழாவுக்குப் பந்தலும் விருந்தும் இருக்கின்றன. சுவருக்குள் மறைந்தோடும் கம்பியைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. ஏனெனில் கம்பியில் நன்கொடையாளர் பெயரைப் பொறிக்க முடியாது! பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கட்டட ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும். கோயில் திருவிழாக்களிலும் திருமண மண்டபங்களிலும் பாலிஸ்டைரீன் நுரையால் மேடையும் வளைவும் ஒப்பனை செய்து, அதன் அருகிலேயே குத்துவிளக்கை ஏற்றுகிறோம். வாழைமரமும் மாவிலைத் தோரணமும் தென்னங்குருத்தும் நம் முன்னோர் கண்ட அலங்காரம். பச்சைத் தோரணம் எளிதில் பற்றாது, நஞ்சும் கக்காது. மரபு சில வேளைகளில் அறிவியலை முந்திக்கொண்டு நிற்கிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். அறிவியல் பாடத்தில் தீயின் முக்கோணத்தைக் கற்பிக்கிறோம். எரிபொருள், உயிர்வளி, வெப்பம் என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். எரிபொருள் என்றதும் விறகையும் மெழுகுத்திரியையும் வரைகிறார்கள். தாம் அமர்ந்திருக்கும் நாற்காலியும், சுமந்து வரும் புத்தகப் பையும் எரிபொருளே என்று அவர்களுக்கு உணர்த்துவோம். புகையில் குனிந்து தவழ்ந்து செல்லப் பழக்குவோம். பழைய கம்பியைக் கொளுத்தக் கூடாது என்பதைப் பெற்றோர்க்குப் பிள்ளைகள் வாயிலாகச் சொல்லி அனுப்புவோம். இவற்றையெல்லாம் நல்ல தமிழில் சொல்லும் நூல்கள் நம்மிடம் மிகக் குறைவு. எழுத்தாளர் சங்கத்தாரும் ஆசிரியரும் கூடினால் அக்குறை தீரும். அறிவியலை அன்னிய மொழிக்கு ஒப்படைத்துவிட்டுத் தமிழுக்குக் கவிதை மட்டும் போதும் என்றிருந்தால், தமிழ் படித்தவன் எச்சரிக்கைப் பலகையைக் கூடப் படிக்க முடியாதவனாவான்.

வருமுன் காவாதவன் வாழ்க்கையை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அந்தக் காலத்தில் வைக்கோல் எரிந்தால் சாம்பல் எஞ்சியது; சாம்பல் வயலுக்கு உரமாயிற்று. இந்தக் காலத்து வைக்கோற்போர் எரிந்தால் எஞ்சுவது டையாக்சின். அது பேரப்பிள்ளைகளின் உடலுக்குச் செல்கிறது. 1881இல் எரிந்த நகரம் மூன்றே ஆண்டுகளில் செங்கல்லுக்கு மாறத் துணிந்தது. அன்று அயலான் ஆணையிட்டான், மக்கள் பணிந்தனர். இன்று ஆள்பவரும் நாமே, வாங்குபவரும் நாமே, எரிந்தால் மாள்பவரும் நாமே. இனியும் வாளாவிருப்பதற்கு நமக்கு ஒரு காரணமும் இல்லை.